கால்பந்து கோச்சுக்கு மார்க் போட்ட கதை

கால்பந்தைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். பந்து உருண்டையாக இருக்கும். அதைக் கையால் தொடக் கூடாது. இந்த இரண்டில் இரண்டாவது கோல்கீப்பருக்குப் பொருந்தாது என்பதே பின்னால்தான் தெரிந்தது. இப்படிப்பட்ட என்னைத்தான் எங்கள் கல்லூரி, கால்பந்து கோச் தேறுவாரா தேறமாட்டாரா என்று பார்த்துச் சொல்லும் குழுவில் போட்டது.

தொண்ணூறுகளின் கடைசி. நான் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் கணக்கு விரிவுரையாளராகச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஒருநாள் மதியம் பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார்.

"வாங்கம்மா, உக்காருங்க. நம்ம ஃபுட்பால் கோச் எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு சார். காலையில கூட கேட்டுல பாத்தேன்."

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் உடம்பைக் கேக்கலம்மா. அவர் வேலையைக் கேக்குறேன்."

விஷயம் இதுதான். எங்கள் கல்லூரிச் செயலாளர் ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் பழனிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் செயலாளர். அந்த மனிதர் ரசம் வரைக்கும் பேசாமல் இருந்துவிட்டு, அப்புறம் மெதுவாக, "ஏனுங்க, உங்க ஃபுட்பால் பசங்க ரொம்பத் தங்கமானவங்க. வர்றாங்க, கோல் வாங்கிக்கறாங்க, போறாங்க. ஒரு வம்பு தும்பு இல்லீங்க" என்று சொல்லிவிட்டார். எங்கள் செயலாளர் பாயசத்துக்குக் காத்திருக்காமல் எழுந்துவிட்டாராம். பாயசத்தை விட்டு எழுகிற ஆள் அவர் இல்லை என்பது கல்லூரிக்கே தெரியும். அதனால் காயம் ஆழம்தான் என்று புரிந்துகொண்டோம்.

திங்கட்கிழமையே உத்தரவு வந்துவிட்டது. மூன்று பேர் குழு. ஒரு மாதத்தில் அறிக்கை. கோச்சை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று ஒரே வரியில் முடிவு சொல்ல வேண்டும்.

குழுத் தலைவர் வேதியியல் பேராசிரியர். ஓய்வு பெற இன்னும் சில வருடங்களே இருந்தவர். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டார். காண்டீனில் உப்புமா வந்தால்கூட முதலில் ஓரத்தில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தட்டைப் பக்கத்தில் இழுப்பார். இரண்டாவது ஆள் நூலகர். அமைதியானவர், ஆனால் யார் எதைச் சொன்னாலும் அதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது என்று சொல்லாமல் விடமாட்டார். மூன்றாவது நான்.

"என்னை எதுக்கு சார் போட்டீங்க?" என்று பிரின்சிபாலிடம் கேட்டேன்.

"உங்களுக்கு ஃபுட்பால்ல சிநேகிதமும் இல்ல, விரோதமும் இல்ல. அதான்."

அது முழு உண்மை இல்லை. விரோதம் கொஞ்சம் இருந்தது. என் வகுப்பு மேல்மாடியில், மைதானத்தைப் பார்த்தபடி. மாலையில் சிறப்பு வகுப்பு எடுக்கும்போதெல்லாம் கோச்சின் குரல் ஜன்னல் வழியாக வந்துவிடும். நான் போர்டில் ஒரு சமன்பாட்டை எழுதி, "இப்ப இந்த எக்ஸை என்ன பண்ணணும்?" என்று கேட்கும் நேரம் பார்த்து, கீழேயிருந்து "அங்கிட்டுத் தள்ளுடா!" என்று கேட்கும். வகுப்பே சிரிக்கும். எக்ஸை அங்கிட்டுத் தள்ளுவதுதான் சரியான விடை என்பதால் நானும் ஒன்றும் சொல்ல முடியாது.

கோச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயது இருக்கும். ஒரு காலத்தில் ரயில்வே டீமில் ஆடியவர் என்று சொல்வார்கள். அதை நம்புவதற்கு அவர் காலைப் பார்க்க வேண்டும், வயிற்றைப் பார்க்கக் கூடாது. கழுத்தில் எப்போதும் ஒரு டர்க்கி டவல். டிவிஎஸ் ஐம்பதில் முன்னால் பந்துப் பையை வைத்து, கால் இரண்டையும் அகட்டிக்கொண்டு வருவார். குரலை மட்டும் கடவுள் அவருக்கு இரண்டு ஆளுக்கு உண்டானதைக் கொடுத்திருந்தார்.

குழு முதலில் காண்டீனில் கூடியது. கோச்சுக்கு நூறு மார்க் வைத்துப் பிரித்துப் போட வேண்டும் என்றார் பேராசிரியர். ஒழுக்கத்துக்கு இவ்வளவு, பயிற்சிக்கு இவ்வளவு, வெற்றிக்கு இவ்வளவு என்று அவர் சொல்லிக்கொண்டே போக, "ஆட்டம் தெரியாம மார்க் எப்படிங்க போடுறது? ஆஃப்சைடுன்னா என்னன்னு நம்ம மூணு பேருல யாருக்காவது தெரியுமா?" என்று நூலகர் கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. கோச்சையே கூப்பிட்டுக் கேட்பது என்று முடிவாயிற்று. யாருக்கு மார்க் போடப் போகிறோமோ அவரிடமே போய்ப் பாடம் கேட்பது எங்கள் மூவருக்கும் அன்று விசித்திரமாகப் படவில்லை.

கோச் வந்தார். மேஜையில் இருந்த டீ கிளாஸ்களை ஆட்டக்காரர்களாக நிறுத்தினார். சீனி டப்பா கோல்கீப்பர். "இந்தா பாருங்க மேடம், இவன் நம்ம ஃபார்வேர்டு. இந்த ரெண்டு பேரும் எதிராளி டிஃபென்ஸ். பந்தை அடிக்கிற அந்த நிமிசம் நம்மாளு இவங்களத் தாண்டி நிக்கக் கூடாது." பொறுமையாகத்தான் விளக்கினார். நாங்களும் தலையை ஆட்டினோம். முக்கியமான கட்டத்தில், பேராசிரியர் பேச்சுவாக்கில் ஒரு டிஃபெண்டரை எடுத்துக் குடித்துவிட்டார்.

"சார், நீங்க குடிச்சதுல இவன் இப்ப ஆஃப்சைடு ஆயிட்டான்" என்றார் கோச்.

இன்றுவரை ஆஃப்சைடு எனக்கு அந்த அளவுக்குத்தான் தெரியும்.

மறுநாளிலிருந்து மாலைகளில் மைதானத்துக்குப் போனோம். செம்மண் தரை. ஓரத்தில் நெருஞ்சி. வேப்பமரத்தடியில் எங்களுக்கு மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்த கோச், பக்கத்தில் வந்து, "பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கே சார். பஜ்ஜி சொல்லவா?" என்றார். எதற்கு வந்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் திரும்பிப் போகும்போது டவலை இழுத்துச் சரி செய்துகொண்டார், சட்டை காலரைச் சரி செய்வதுபோல.

அன்று ஒரு பந்து உருண்டு எங்கள் பக்கம் வந்தது. பேராசிரியருக்கு என்ன தோன்றியதோ, எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு உதை விட்டார். பந்து நாலடி போய் நின்றது. செருப்பு மட்டும் கோல் போஸ்ட் வரைக்கும் போனது. கோல்கீப்பர் பாவம், பழக்க தோஷத்தில் பாய்ந்து பிடித்துவிட்டான். அதுவரை அவன் எதையும் பிடித்து நாங்கள் பார்த்ததில்லை. பேராசிரியர் ஒற்றைக் காலில் நின்றபடி, "ரிஃப்ளெக்ஸ் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நாங்கள் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க, கோச்சின் கத்தல் கூடிக்கொண்டே போனது. "ஏலே, பந்தைப் பாருடா, மேகத்தைப் பாக்காத!" "வலது பக்கம் தள்ளு! வலதுடா! சோறு திங்கிற கை!" "அப்பு, செத்த ஓடு ராசா, காசா பணமா!" பையன்களும் ஓடினார்கள். பந்து சில நேரம் அவர்களோடு ஓடியது.

அடுத்தது ஆட்டக்காரர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பது. கேப்டன் சித்தையன்கோட்டைப் பையன், தென்னந்தோப்புக் குடும்பம். "கோச் எப்படிப்பா சொல்லிக் குடுக்குறாரு?" என்று நூலகர் கேட்டார்.

"திட்டுவாரு சார்."

"திட்டுறது உங்களுக்குக் கஷ்டமா இல்லியா?"

அவன் யோசித்தான். "கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா ஒவ்வொருத்தனுக்கும் வேற வேற மாதிரி திட்டுவாரு சார். எனக்குத் திட்டுறத இன்னொருத்தனுக்குத் திட்டமாட்டாரு."

பேராசிரியர் இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார்.

கோல்கீப்பர் நெய்க்காரப்பட்டிப் பையன். வந்து உட்காரவே கூச்சப்பட்டான். "உனக்கு என்ன குறைன்னு தைரியமா சொல்லு தம்பி" என்று நான்தான் கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க மேடம். கோச் சார் நல்ல யோசனைதானுங்க சொல்றாரு. ஆனா அது அவங்களுக்கும் கேக்குதுங்க."

"யாருக்கு?"

"எதிர் டீமுக்குங்க. சார் 'வலது பக்கம் தள்ளு'ன்னு கத்துவாருங்க. நம்ம பையன் திரும்பறதுக்குள்ள அவங்க ஆளு ரெண்டு பேரு வலது பக்கம் போயி நிப்பாங்க. பழனிப் பசங்க சாரைப் பாத்துத்தானுங்க ஆடுவாங்க. பந்தைக்கூடப் பாக்கறதில்லீங்க."

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வருடம் அந்த டீம் தன் திட்டத்தை மைதானம் முழுக்க ஒலிபரப்பிவிட்டு ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

"கோச்கிட்ட சொல்லிரலாமா?" என்றேன்.

"கூடாது" என்றார் பேராசிரியர். "பரிசோதனை நடக்கும்போது கரைசலைக் கலக்கக் கூடாதும்மா."

அடுத்த வாரம் பழனியில் ஆட்டம். அதே கல்லூரியோடு. எங்கள் செயலாளர் வரவில்லை. ஆனால் முடிவு என்னவென்று உடனே போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

புறப்படுகிற அன்று காலை வேனில் ஏறினால், கோச் முன்சீட்டில் டவலைக் கழுத்தில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வணக்கம் சார்" என்றேன். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. தொண்டை போய்விட்டது. எங்கள் மூன்று நாற்காலிக்காக நாளுக்கு நாள் கூட்டிக் கத்தியதில் வந்த வினை. டாக்டர் ஒரு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். இதையும் அவர் சொல்லவில்லை, கேப்டன் சொன்னான். அவர் மனைவி மிளகு மஞ்சள் போட்ட பாலை ஒரு பிளாஸ்க்கில் கொடுத்தனுப்பியிருந்தார். அதை ஒரு மடக்குக் குடித்து, முகத்தைச் சுளித்து, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பின்னால் இருந்த பாதிப் பையன்கள் விஷயம் தெரியாமல், அவர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பழனியில் அன்று கிருத்திகை வேறு. தெருவெல்லாம் மொட்டைத் தலையும் சந்தனமும். கூட்டத்தைக் கடந்து மைதானத்துக்குப் போய்ச் சேரவே ஆட்ட நேரம் ஆகிவிட்டது.

ஆட்டம் தொடங்கியது. கோல்கீப்பர் சொன்னது அப்படியே உண்மை. எங்கள் பையன் காலுக்குப் பந்து வந்ததும் பழனி டீமில் இரண்டு மூன்று பேர் சட்டென்று எங்கள் கோச்சைத்தான் பார்த்தார்கள். கோச் டவலைத் தூக்கி வலது பக்கம் ஆட்டினார், இடது பக்கம் ஆட்டினார், கடைசியில் ஈ ஓட்டுவதுபோல எல்லாப் பக்கமும் ஆட்டினார். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் பையன்களுக்கும் விளங்கவில்லை. ஆனால் எங்கள் பையன்கள் வேறு வழியில்லாமல் சொந்தமாக யோசிக்க ஆரம்பித்தார்கள். பழனி டீம் உத்தரவுக்காகக் காத்திருந்தது.

முதல் கோலை அவர்கள்தான் போட்டார்கள். ஹாஃப் டைமுக்குப் பிறகு நாங்கள் ஒன்று போட்டோம். முடிவதற்குச் சற்று முன் சித்தையன்கோட்டைப் பையன் இடது பக்கமாகப் பந்தைக் கொண்டுபோனான். வழக்கமாக அந்த இடத்தில் "அடிடா! அடிடா!" என்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தத்திலேயே கால் நடுங்கிப் பந்து வானத்துக்குப் போகும். அன்று சத்தம் இல்லை. அவன் நிதானமாக ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தட்டினான். பந்து உள்ளே போய்விட்டது.

நான் கோச்சைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் மேலே தூக்கி, கழுத்து நரம்பு புடைக்க, வாயை முழுக்கத் திறந்து கத்திக்கொண்டிருந்தார். ஒரு சத்தமும் வரவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பெரிய மௌனத்தை நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்ததும் குழுவில் சண்டை. பேராசிரியர் ஜெயித்த முகத்தோடு வந்தார். "இதைவிட என்ன நிரூபணம் வேணும்? ஒரு பொருளை நீக்குனோம், விளைவு மாறிச்சு. தோல்விக்குக் காரணம் கோச்தான்."

"கோச்சை எங்கங்க நீக்குனோம்? அவர் வாயைத்தானே நீக்குனோம்" என்றார் நூலகர். "அந்தப் பசங்களுக்குப் பந்தைத் தள்ளக் கத்துக்குடுத்தது யாரு? உங்க வகுப்புல பையன் பரீட்சை எழுதும்போது நீங்க பக்கத்துல நின்னு கத்துறதில்ல. அதுக்காக நீங்க வாத்தியார் இல்லேன்னு ஆயிருமா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது, இன்னொன்று பார்க்க வேண்டும் என்றேன். கணக்கு டீச்சர் வேறென்ன சொல்வாள்? அந்த யோசனையால் வந்தது அடுத்த வம்பு.

அடுத்த ஆட்டம் எங்கள் மைதானத்தில். அதற்குள் கோச்சுக்குத் தொண்டை சரியாகிவிட்டது. பேராசிரியர் அவரைக் கூப்பிட்டு, "இந்த ஆட்டம் முழுக்க நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. காரணம் அப்புறம் சொல்றோம்" என்றார். கோச் எங்கள் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

அன்று நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்த விதத்தை மறக்க முடியாது. கை இரண்டையும் தொடைக்கு அடியில் கொடுத்து, டவல் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு. பையன்கள் தொடக்கத்தில் நன்றாகத்தான் ஆடினார்கள். ஆனால் இந்தமுறை கோச்சுக்குத் தொண்டை சரியாகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அவர் கத்தவில்லை. ஏன் கத்தவில்லை? ஒவ்வொருவனாகத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தான். பந்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தான். ஒரு கோல் வாங்கினோம். கோச் டவலை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டார். இன்னொரு கோல். ஆட்டம் மறுபடி தொடங்கியும் கோல்கீப்பர் எங்கள் பக்கமே பார்த்து, "மேடம், சார் எங்க மேல என்ன கோபமுங்க?" என்று கேட்டான். சொல்லி முடிப்பதற்குள் மூன்றாவதும் விழுந்தது.

இது போதாதென்று செயலாளர் அன்று பார்த்து ஆட்டத்துக்கு வந்திருந்தார். பழனியில் நாங்கள் ஜெயித்ததைக் கேட்டுச் சந்தோஷத்தில் வந்தவர். ஆட்டம் முழுக்கக் கோச்சையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போகும்போது பிரின்சிபாலிடம், "அந்த ஆளு வாயே திறக்கலையே! டவலைச் சப்பிக்கிட்டு உக்காந்திருக்காரு. இவரையா இத்தன வருசமா கோச்னு வச்சிருக்கோம்?" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கூட்டம் கலைந்த பிறகு கோச் கோல் வலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் போய் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"பேச வேணாம்னு சொன்னது எதுக்குன்னு உங்களுக்குத் தெரிய வேணாமா சார்?"

"கோல்கீப்பர் இப்பத்தான் எல்லாத்தையும் சொல்லிட்டுப் போனான் மேடம். அவனுக்கு வயித்துல எதுவும் தங்காது. கையில பந்து தங்காத மாதிரியே." வலையை மடித்தார். "நான் கத்துறது அவங்களுக்குக் கேக்கும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. நம்ம பசங்களுக்கே கேக்க மாட்டேங்குதேன்னுதான் இம்புட்டு நாளா நினைச்சேன்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு சொன்னார்: "நான் ஆடுன காலத்துல எங்களுக்கு ஒரு கோச் இருந்தாரு. பெரிய ஆட்டக்காரரு. ஒரு வார்த்தை பேசமாட்டாரு. நல்லா ஆடுனாலும் அதே மூஞ்சி, சொதப்புனாலும் அதே மூஞ்சி. அவரு கையில ஏழெட்டு வருசம் ஆடுனேன். நான் நல்லா ஆடுனேனா இல்லியான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்த மாதிரி நம்ம பசங்க போயிரக் கூடாதுன்னு நினைச்சேன். அதுல கொஞ்சம் கூடிப்போச்சு."

கொஞ்சமா என்ற கேள்வி வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, என் கையில் இருந்த வலை முனையை அவரிடம் நீட்டினேன்.

மறுநாள் பேராசிரியரிடம் போய், செயலாளரிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்றேன். நூலகர் இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் மறுபக்கம் சொல்லவில்லை. பேராசிரியரும் நேர்மையான மனிதர்தான். மூவருமாகப் போனோம். "கோச்சைப் பேசக் கூடாதுன்னு சொன்னது நாங்கதான் சார்" என்றார் பேராசிரியர்.

"எதுக்கு?"

"பரிசோதனைக்கு."

செயலாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நாம தோத்ததுக்குக் காரணம் குழுவா?"

"ஜெயிச்சதுக்கும் நாங்கதான் சார்" என்றார் நூலகர். "நாங்க போயி உக்காந்ததுலதான் அவருக்குத் தொண்டை போச்சு."

செயலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்கப் பார்த்தார், வயிறு குலுங்கியது. கடைசியில், "கோச் இருக்கட்டும். முதல்ல இந்தக் குழுவக் கலைங்க" என்றார். ஒரு வரி முடிவு கேட்டவருக்கு, அவர் வாயாலேயே ஒரு வரி முடிவு கிடைத்தது.

குழு கலைந்தாலும் கோல்கீப்பர் சொன்ன பிரச்சினை அப்படியே இருந்தது. கோச் கத்தாமலும் இருக்க முடியாது, கத்தினால் எதிராளிக்கும் கேட்கும். வார்த்தையை மாற்றிவிட்டால் என்ன என்று நான்தான் சொன்னேன். எனக்கென்ன, எக்ஸுக்குப் பதில் ஒய் போட்டுப் பழகியவள். பையன்களுக்கு எளிதாக நினைவிருக்க வேண்டும் என்று ஊர்ப் பெயர்களை வைத்தோம். வலது பக்கம் என்றால் பழனி. இடது பக்கம் நத்தம். பின்னால் தள்ளு என்றால் மதுரை. கோலுக்கு அடி என்றால் வத்தலக்குண்டு.

முதல் நாள் பயிற்சியிலேயே கோல்கீப்பர் கையைத் தூக்கினான். "மேடம், ஹாஃப் டைமுக்கு அப்புறம் பக்கம் மாறுவோமுங்க. அப்பப் பழனி எங்கீங்க இருக்கும்?"

நல்ல கேள்வி. நான் அதை யோசித்திருக்கவில்லை. சோறு திங்கிற கை எங்கே இருக்கிறதோ அங்கேதான் பழனி என்று கோச் தீர்ப்புச் சொன்னார். அவன் ஒரு வாரம் வலது கையில் பேனாவால் 'ப' என்று எழுதிக்கொண்டு திரிந்தான்.

அந்த வருடம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கோச் தன் பழைய குரலோடு களத்துக்குத் திரும்பினார். "நத்தம்! நத்தம் போடா! ஏலே, மதுரைக்கு வந்துட்டுப் போ! வத்தலக்குண்டு! வத்தலக்குண்டு!" எதிர் டீம் ஆட்கள் அவரைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், ரெஃப்ரியைப் பார்த்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த ஒருவர், "ஏங்க, அந்த ஆளு முன்னாடி பஸ்ல வேலை பாத்தவரா?" என்று கேட்டார். "ரயில்வேயில" என்றேன்.

முதல் இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். அரையிறுதியில் தோற்றோம். நெருக்கடியில் கேப்டன் நத்தத்தையும் பழனியையும் மாற்றிக்கொண்டான் என்பது ஒரு கட்சி. எதிர் டீமில் வத்தலக்குண்டுக்காரன் ஒருவன் இருந்து எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டான் என்பது கோச்சின் கட்சி. அவர்கள் எங்களைவிட நன்றாக ஆடினார்கள் என்பது என் கட்சி. அதை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் அரையிறுதி வரை எங்கள் கல்லூரி அதற்கு முன் போனதில்லை. செயலாளர் அடுத்த கல்யாணத்தில் பாயசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்ததாகக் கேள்வி.

கோச் அதற்குப் பிறகும் சில வருடம் இருந்தார். முழங்கால் வலி கூடியதும் தானாகவே விலகிக்கொண்டார். அவர் நல்ல கோச்தானா என்று என்னிடம் இப்போது கேட்டாலும் ஒரு வரியில் பதில் வராது. கோப்பை ஒன்றும் வாங்கித் தரவில்லை. ஆனால் அவரிடம் ஆடிய பையன் எவனும், தான் எங்கே சரி எங்கே தப்பு என்று தெரியாமல் கல்லூரியை விட்டுப் போனதில்லை. என் வகுப்பிலிருந்து அப்படிப் போனவர்கள் நிறைய உண்டு.

இரண்டாயிரத்துக்குப் பின் ஒருமுறை பழனி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். சுற்றிலும் ஜெர்சி போட்ட பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் ஒரு பத்துப் பதினைந்து பேர். நெய்க்காரப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் பெண்கள் டீமுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், முழங்காலுக்குப் பெல்ட் போட்டிருக்கிறேன் என்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. குரல் அப்படியே இருந்தது.

"பொண்ணுங்க எப்படி சார் ஆடுறாங்க?"

"ஆட்டம் நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா ஒண்ணு. பசங்களத் திட்டுனா தலையக் குனிஞ்சுக்குவாங்க. இதுக நின்னு பதில் சொல்லுதுக. 'எங்கிட்டுப் பாத்து அடிக்கிற'ன்னு கேட்டா, 'உங்களப் பாத்துத்தான் சார், நீங்கதான் குறுக்க நிக்கிறீங்க'ங்குதுக."

"உண்மையா?"

"நான் லைனுக்கு உள்ள நின்னுக்கிட்டு இருந்துட்டேன், கவனிக்கல" என்றார்.

அவர்கள் பஸ் வந்துவிட்டது. பிள்ளைகள் முண்டியடித்து ஏறி இடம் பிடித்தார்கள். அவர் படியில் நிதானமாக ஒரு காலை வைத்து, அடுத்த காலைத் தூக்க யோசித்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த ஒல்லியான பெண் ஒருத்தி தலையை வெளியே நீட்டி, "சார், சீக்கிரம் ஏறுங்க, டிரைவர் முறைக்கிறாரு!" என்று ஒரு கத்துக் கத்தினாள். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

கோச் என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துவிட்டு ஏறிப் போனார்.